தாழ்த்திய காரைத் தூக்குவதும் இழுப்பதும்

தாழ்த்திய காரை ஓட்டுவதற்கு அதன் சொந்தக்காரர் சீக்கிரமே பழகிவிடுகிறார். எந்த வேகத்தடையைச் சாய்வாக ஏற வேண்டும், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் எந்த இடத்தில் மூக்கு தட்டும் என்பதெல்லாம் ஒரே மாதத்தில் அத்துப்படி. அதே வண்டி பஞ்சராகியோ பழுதாகியோ பெங்களூரில் ஓசூர் ரோட்டு ஓரத்தில் நின்றுவிட்டால், அதில் கை வைக்கப்போவது வேறொருவர். அவர் தினமும் தூக்குவது சாதாரண உயரமுள்ள வண்டிகள். நான் பார்த்தவரை பம்பர் கிழிவதும், சைடு ஸ்கர்ட் விரிசல் விடுவதும், ஆயில் சம்ப் உடைவதும் பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில்தான். அந்த அரை மணி நேரத்தை எப்படிக் கடப்பது என்பதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

இந்தியாவில் விற்கும் சாதாரண ஹேட்ச்பேக், செடான் கார்களின் தரை இடைவெளி 160 முதல் 170 மி.மீ. வரை இருக்கும். மாருதி ஸ்விஃப்ட் 163, ஹோண்டா சிட்டி 165. கடையில் வாங்கும் தாழ்த்தும் ஸ்பிரிங் பொதுவாக 30 முதல் 40 மி.மீ. இறக்கும். காயில்ஓவர் போட்டவர்கள் இன்னும் கீழே போவார்கள். அதன்மேல் முன்பக்கம் ஒரு லிப் ஒட்டினால் தரைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே 90, 100 மி.மீ.தான் மிஞ்சும். சாதாரண டிராலி ஜாக்கை முழுக்க இறக்கினாலும் அதன் தலை 130, 140 மி.மீ. உயரத்தில் நிற்கும். அப்படியானால் தொல்லை எங்கே தொடங்குகிறது என்று புரிந்திருக்கும்.

வேலைக்குப் போகும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தில் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்பிரிங் மாற்றியதையும் அதிகாரி இதற்குள் கொண்டுவரலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் தாழ்த்தியிருந்தால், இழுக்கும்போது ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கேட்டுப் போகும் நாளில் அதுவே முதல் கேள்வியாக வரும். தெரிந்தே செய்கிறவர் தெரிந்து செய்யட்டும்.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது பற்றி எனக்கு இரண்டு கருத்து கிடையாது. வெட்டாதீர்கள். ஏன் என்பது ஜாக் போடும் இடத்தில் வரும்.

முதலில் டேப்பை எடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஐந்து அளவுகளை எடுத்து, பதிவுச் சான்று வைக்கும் உறையிலேயே ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். முன் லிப்பின் அடி தரையிலிருந்து எவ்வளவு உயரம். முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்த லிப் எவ்வளவு தூரம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்பக்கமும் இதே இரண்டு அளவுகள். கடைசியாக, கதவுக்குக் கீழே ஜாக் போடும் இடத்தின் உயரம். சைலன்சர் குழாய் பின் பம்பரைவிடக் கீழே தொங்கினால் பின்பக்க உயரத்தை அதிலிருந்து எடுக்க வேண்டும்.

கணக்கு எளிது. உயரத்தை நீட்டத்தால் வகுத்து 57ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட எத்தனை டிகிரிச் சரிவை வண்டி தட்டாமல் ஏறும் என்று கிடைக்கும். லிப் 95 மி.மீ. உயரம், நீட்டம் 750 மி.மீ. என்றால் 7 டிகிரி. ரெக்கவரி வண்டியின் தட்டு 6 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரம் என்றால் அதைச் சாய்த்து வைக்கும்போது வரும் சரிவு 9.5 டிகிரி. தட்டு இன்னும் குட்டையாக இருந்தால் 10, 11. உங்கள் 7 அந்த 10இல் ஏறாது. ஆபரேட்டர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை. பலகை வைத்தால்தான் மாறும்.

வேகத்தடைக்கும் இதே பாணியில் ஒரு கணக்கு உண்டு. இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்காக வகுத்த அளவு அது. 2.5 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள கார் அதன்மேல் நிற்கும்போது நடுவயிறு 46 மி.மீ. அளவுதான் தரைக்கு நெருங்கும். அதாவது விதிப்படி போட்ட வேகத்தடையில் 90 மி.மீ. வண்டிகூட வயிறு தட்டாமல் மெதுவாகப் போய்விடும். லேஅவுட்டுகளில் குடியிருப்போரே தார் கொட்டி எழுப்பிய குட்டையான, செங்குத்தான மேடுகள்தான் வயிற்றைக் கிழிப்பவை. வண்டியைக் கட்டி இழுத்துப் போகும் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். பிரதான சாலையில் இரண்டு கி.மீ. சுற்றிப் போனாலும் பரவாயில்லை, உள் தெருக்கள் வேண்டாம்.

டிக்கியில் இருக்க வேண்டியவை

பலகைதான் முதல். 2 அங்குலம், அதாவது 50 மி.மீ. கனத்தில், டயர் அகலத்தைவிட ஒரு கை அகலம் கூடுதலாக, இரண்டடி நீளத்தில் நான்கு. மரக்கடையில் வேங்கை அல்லது சால் மரத்தில் அறுத்துக் கேளுங்கள். பேக்கிங் பெட்டியிலிருந்து பிரித்த பைன் மரம் வேண்டாம், பாரம் ஏறியதும் நரம்போடு பிளந்துவிடும். நான்கில் இரண்டுக்கு ஒரு முனையைச் சரிவாகச் சீவச் சொல்லுங்கள், டயர் இடிக்காமல் ஏறும். கூடவே 18 மி.மீ. பிளைவுட்டில் ஓரடிச் சதுரம் ஒன்று, டிராலி ஜாக் முழுவதும் உட்காரும் அளவில் பெரிய துண்டு ஒன்று.

ஜாக்கில், இறக்கிய நிலையில் 75 முதல் 85 மி.மீ. உயரமே உள்ள தாழ்வான டிராலி ஜாக் கிடைக்கிறது. ஜே.சி. ரோடு, எஸ்.ஜே.பி. ரோடு கடைகளில் கேட்டால் காட்டுவார்கள். வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் கடையிலேயே டேப் வைத்து அளந்து பாருங்கள். தலை தாழ்வாக இருந்து நடுக்கை உயர்ந்திருக்கும் மாடல்களும் உண்டு. அவை உள்ளே போகும்போது சைடு ஸ்கர்ட்டில் இடிக்கும். டிக்கியில் தூக்கிக்கொண்டு போக முடியாது என்றால் அதை வீட்டில் வைத்துவிட்டு, வண்டியோடு வந்த சிசர் ஜாக்கையும் பலகைகளையும் மட்டும் எடுத்துப் போகலாம். பலகை இருந்தால் சிசர் ஜாக்கே போதும்.

மூன்றாவது, நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை. கதவுக்கு அடியில் இரண்டு தகடுகளைச் சேர்த்து ஒட்டிய விளிம்பு ஒன்று கீழ்நோக்கி நிற்கும். வண்டியின் எடையை ஜாக் வாங்குவது அந்த விளிம்புக்குப் பக்கத்தில்தான். டிராலி ஜாக்கின் தட்டையான இரும்புத் தலை நேராக விளிம்பில் பட்டால் அது மடங்கும். மடங்கிய இடத்தில் பெயின்ட் உதிரும், அடுத்த மழைக்குத் துரு பிடிக்கும். விளிம்பு பள்ளத்துக்குள் இறங்கி, எடை இருபுறத் தகட்டிலும் உட்காருகிற மாதிரி அந்த ரப்பர் இருக்க வேண்டும். பழைய லாரி டயர் துண்டில் மெக்கானிக்கே வெட்டிக் கொடுப்பார்.

டோ ஹூக்கும் வீல் ஸ்பேனரும் டிக்கியில் இருக்கின்றனவா என்று இப்போதே போய்ப் பாருங்கள். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு டோ ஹூக் காணாமல் போயிருப்பது சர்வ சாதாரணம்.

ஜாக் போடுவது

இடம்தான் பாதி வேலை. பெங்களூரின் பல தெருக்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலுக்கு மேல் பரப்பிய கருங்கல் பலகைகள். பார்க்கக் கெட்டியாக இருக்கும், அடியில் வெற்றிடம். அதன்மேல் ஜாக்கை ஊன்றவே கூடாது. மழை பெய்த செம்மண் ஓரமும் அப்படித்தான், ஏற்றும்போது தாங்கி, நட்டைக் கழற்ற நீங்கள் ஸ்பேனரை அழுத்தும் நேரத்தில் ஒரு பக்கம் அமுங்கும். தாரோ கான்கிரீட்டோ உள்ள சமதளம் ஐம்பதடி தள்ளி இருந்தால், பஞ்சரான டயரிலேயே அங்கே உருட்டிச் செல்லலாம். அந்த டயர் போனால் போகட்டும்.

டயரில் காற்று இறங்கிய தாழ்த்திய காரில் அந்த மூலை இன்னும் 50 மி.மீ. வரை கீழே உட்கார்ந்துவிடும். 130 இருந்த ஜாக் இடம் 80 ஆகிவிடும், தாழ்வான ஜாக்கும் நுழையாது. இங்கேதான் பலர் பம்பருக்கு அடியிலோ லோயர் ஆர்முக்கு அடியிலோ கல்லை வைத்து நெம்பத் தொடங்குகிறார்கள். தேவையே இல்லை. பஞ்சரான சக்கரத்துக்கு முன்னால் சரிவு சீவிய பலகையைப் போட்டு, வண்டியை முதல் கியரில் மெல்ல அதன்மேல் ஏற்றி நிறுத்துங்கள். இழந்த 50 திரும்பக் கிடைத்துவிடும். எஞ்சின் ஓடாத வண்டியென்றால் இரண்டு பேர் தள்ளினால் ஏறும்.

ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் வைத்து, குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். ஜாக்கை நிறுத்தும் இடம் உங்கள் வண்டியின் கையேட்டில் படமாக இருக்கும். பெரும்பாலும் விளிம்பில் சிறிய வெட்டுக் குறிகள் இரண்டு இருக்கும், அவற்றுக்கு நடுவே. பாடி கிட்டின் சைடு ஸ்கர்ட் அந்த இடத்தை மூடியிருந்தால், ஸ்கர்ட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே விரல் விட்டுத் தடவிப் பார்த்து, ஜாக் தலை ஸ்கர்ட்டில் படாமல் உள்ளே போகிறதா என்று உறுதி செய்யுங்கள். ஃபைபர் ஸ்கர்ட் கடைசி நொடி வரை ஒன்றும் காட்டாது, திடீரென்று படார் என்று உடையும்.

டிராலி ஜாக் ஏறும்போது அதன் தலை நேர்மேலே போவதில்லை. ஒரு வில்லாக வளைந்து கைப்பிடியை நோக்கி வரும். அதை ஈடுகட்ட ஜாக்கின் சக்கரங்கள் வண்டிக்கு அடியில் உருண்டு போக வேண்டும். மண்ணிலோ ஜல்லியிலோ அவை உருளாது. அப்போது தலை, விளிம்பை இழுத்துக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நழுவும். ஜாக் முழுவதையும் பெரிய பிளைவுட் மேல் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். சிசர் ஜாக் நேராக ஏறும், ஆனால் அடிப்பரப்பு சிறியது. அதற்குச் சின்னச் சதுரப் பிளைவுட் போதும்.

வண்டி கொஞ்சம் எழுந்ததும் நிறுத்திவிட்டுத் தரையில் கன்னம் வைத்துப் பாருங்கள். விளிம்பு பள்ளத்துக்குள் இருக்கிறதா, ரப்பர் ஒருபக்கம் பிதுங்குகிறதா, ஜாக் சாய்கிறதா. சந்தேகம் இருந்தால் இறக்கி மறுபடி வையுங்கள். பின்பக்க அச்சின் நடுத்தண்டில் ஜாக் கொடுத்து இரண்டு சக்கரத்தையும் ஒரே தூக்கில் எழுப்புவது கடைகளில் நடக்கிறது. நம் ஊர்ச் சின்னக் கார்களில் பின்னால் இருப்பது முறுக்குத் தண்டு. கையேடு அனுமதிக்காவிட்டால் அதன் நடுவில் எடையைக் கொடுக்காதீர்கள். ஆயில் சம்ப்புக்கு அடியில் ஒருபோதும் கூடாது. மின்சாரக் காரில் தரை முழுக்க பேட்டரிப் பெட்டி, அதில் குறித்த நான்கு இடங்களைத் தவிர வேறெங்கும் ஜாக் படக்கூடாது.

சக்கரத்தைக் கழற்றியதும் அதைப் படுக்க வைத்து, ஜாக்குக்குப் பக்கத்தில் வண்டிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஜாக் நழுவினாலும் வண்டி டயர்மேல்தான் உட்காரும். வண்டிக்கு அடியில் கை, தலை போகும் வேலை என்றால் ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் போகக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

தாழ்த்திய வண்டிக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. வண்டியைத் தூக்கினால் சக்கரம் கீழே தொங்க வேண்டும். காயில்ஓவரில் ஷாக் குட்டை, அதனால் சக்கரம் அதிகம் தொங்காது. டயரின் மேல்விளிம்பு ஃபெண்டருக்குள்ளேயே மறைந்து நிற்கும், வெளியே எடுக்க வராது. முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை ஒருபக்கம் திருப்பினால் வழி கிடைக்கும். பின்சக்கரம் என்றால் உதவிக்கு ஒருவர் பிரேக் டிரம்மைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். பஞ்சரான டயரில் மீதிக் காற்றையும் விட்டுவிட்டால் டயர் நசுங்கி வெளியே வரும். ஃபெண்டர் ஓரத்தில் ஒரு துணியை மடித்து வைத்தால் பெயின்ட் தப்பும்.

இனி வெட்டிய ஸ்பிரிங். கம்பெனி ஸ்பிரிங்கில் ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ அறுத்து எடுத்திருப்பார்கள், ஷாக் பழைய நீளம்தான். தரையில் நிற்கும்போது எடை அழுத்துவதால் ஸ்பிரிங் தன் இடத்தில் இருக்கும். ஜாக் போட்டதும் ஷாக் முழு நீளத்துக்கு விரியும், குட்டையான ஸ்பிரிங் விரியாது. மேலே கிண்ணத்திலிருந்து விடுபட்டு லொடலொடவென்று ஆடும். பின்பக்கம் தனியாக நிற்கும் ஸ்பிரிங் என்றால் கழன்று கீழேயே விழும். விழுந்தால்கூடத் தெரிந்துவிடும். விழாமல் ஒரு விரல் அளவு நகர்ந்து உட்கார்ந்தால்தான் ஆபத்து. இறக்கியதும் வண்டி பார்க்கச் சரியாக நிற்கும், முதல் பெரிய பள்ளத்தில் ஸ்பிரிங் தெறிக்கும். உங்கள் வண்டி அப்படிப்பட்டது என்றால் ஜாக்கை இறக்கும்போது பாதியில் நிறுத்தி, டார்ச் அடித்து, ஸ்பிரிங்கின் அடிமுனை அதற்கான பள்ளத்தில் இருக்கிறதா என்று பார்த்து, கையால் திருகிச் சரியாக உட்கார வைத்துப் பிறகு இறக்குங்கள். அதே வாரத்தில் சரியான ஸ்பிரிங் வாங்கி மாற்றுங்கள்.

இழுப்பது

கயிறு கட்டி இழுப்பது கடைசி வழி. விதிப்படி இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள், இழுபடும் வண்டியில் உரிமம் உள்ளவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். சில்க் போர்டு நெரிசலில் இதை முயல்வது வீண் வம்பு. சர்வீஸ் ரோட்டுக்கு நகர்த்துவதற்கு மட்டும் கயிற்றை வைத்துக்கொள்ளுங்கள். டோ ஹூக்கைத் திருகும்போது வலப்பக்கம் ஏறவில்லை என்றால் இடப்பக்கம் திருகிப் பாருங்கள், ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் அது இடமுறை மரை. முழுக்க இறங்கும் வரை திருக வேண்டும், பாதித் திருகலில் இழுத்தால் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். பாடி கிட் பம்பர் மாட்டும் கடையில் டோ ஹூக் துளையை மறக்காமல் வெட்டச் சொல்லுங்கள். அந்தத் துளை இல்லாத பம்பரைப் பார்த்ததும் ஆபரேட்டர் கொக்கியை லோயர் ஆர்மில்தான் மாட்டுவார்.

முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் வண்டிகள் நகரில் நிறைய. நெடுஞ்சாலையில் 1033 எண்ணுக்கு அழைத்தால் வரும் கிரேனும் அந்த வகையாக இருக்கலாம். மூக்கு மேலே போவதால் பம்பர் தப்பித்துவிட்டது என்று தோன்றும். பின்பக்கத்தைப் பாருங்கள். முன்சக்கரம் 30 செ.மீ. உயர்ந்தால் வண்டி 7 டிகிரி சாயும். பின் பம்பர் 700 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் அதன் முனை 85 மி.மீ. கீழே வரும். 150 இருந்தது 65 ஆகிவிடும். அடுத்த மேட்டிலேயே டிஃப்யூசர் போய்விடும். சாலை ஓரத்துக்கு ஒதுக்க அவர்கள் உதவியைப் பெறுங்கள், பட்டறை வரை போக, காரை முழுவதும் தட்டில் ஏற்றிச் செல்லும் பிளாட்பெட்டுக்குக் காத்திருங்கள். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டி, மின்சாரக் கார், பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிகள் ஆகியவற்றுக்கும் பிளாட்பெட்தான்.

போனில் உதவி கேட்கும்போது 'கார் பிரேக்டவுன்' என்று மட்டும் சொன்னால் அருகிலிருக்கும் எந்த வண்டியோ அதுதான் வரும். வண்டி தாழ்த்தியது, லிப் உயரம் இத்தனை மி.மீ., சாய்ந்து தரையைத் தொடும் தட்டு வேண்டும், வின்ச் வேண்டும், டயரைக் கட்டும் பட்டை வேண்டும் என்று சொல்லி, பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அரை மணி கூடுதலாகக் காத்திருப்பது புது பம்பரைவிட மலிவு.

வண்டி வந்ததும் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக் கேட் சரிவில் மூக்கு கீழாக நிற்கும் காரை அப்படியே தட்டில் இழுக்க விடாதீர்கள். கேட் சரிவு கீழ்நோக்கி, தட்டு மேல்நோக்கி, இரண்டு கோணமும் கூடிவிடும். முதலில் காரைச் சமமான சாலைக்குத் தள்ளி எடுங்கள். ரெக்கவரி வண்டியின் பின்சக்கரங்கள் சாலையோரத் தாழ்வில் இறங்கி நிற்க, கார் சாலை மட்டத்தில் இருக்க முடிந்தால் தட்டின் சரிவு ஒன்றிரண்டு டிகிரி குறையும்.

இனி பலகை. மேலே சொன்ன 7 டிகிரி வண்டியையே எடுத்துக்கொள்வோம். தட்டு 10 டிகிரி. முன்டயர் தட்டின் விளிம்பைத் தொடும்போது லிப்புக்கு நேர்கீழே தட்டு ஏற்கெனவே 132 மி.மீ. உயரத்தில் இருக்கும். லிப் 95இல். பற்றாக்குறை 37. டயருக்கு அடியில் 50 மி.மீ. பலகை இருந்தால் 13 மி.மீ. இடைவெளியோடு தப்பிவிடும். பலகை தட்டின் விளிம்போடு நிற்காமல் ஓரடி உள்ளே, தட்டும் பலகையும் ஒரே உயரமாகும் இடம் வரை போக வேண்டும். இல்லாவிட்டால் டயர் பலகையிலிருந்து தொப்பென்று இறங்கும்போது லிப் இடிக்கும். இன்னும் தாழ்வான வண்டிக்கு இரண்டு அடுக்கு, படி மாதிரி.

முன்டயர் ஏறியதும் எல்லாரும் நிம்மதியாகப் பலகையை எடுத்துவிடுகிறார்கள். பின்பக்கம் தட்டும் நேரம் அப்போதுதான் வருகிறது. முன்பகுதி தட்டில் ஏற ஏறப் பின் பம்பர் தரையை நோக்கி இறங்கும். பின்டயர் தட்டின் விளிம்பை நெருங்கும்போது உச்சக்கட்டம், 700 மி.மீ. நீட்டத்துக்கு 120 மி.மீ. வரை இறங்கியிருக்கும். பலகைகள் பின்டயர் கடக்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும். வில்சன் கார்டனில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வின்ச் ஓடும்போது முன்னால் நிற்கவே மாட்டார். வண்டியின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சைலன்சர் முனைக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரலை நீட்டி வைத்திருப்பார். விரலில் உரசினால், "அண்ணா, நிறுத்துங்க! ஒரு பலகை போடணும்." அவ்வளவுதான் பேச்சு. ஆபரேட்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் நிதான (மெதுவாக), நில்லிசி (நிறுத்துங்கள்), சாக்கு (போதும்) என்ற மூன்று கன்னடச் சொற்கள் போதும்.

வின்ச் இழுக்கும்போது கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விட்டு, ஸ்டியரிங் பூட்டு விழாமல் சாவி போட்டு இருக்க வேண்டும். கம்பி நேராக இழுக்கட்டும், கோணலாக இழுத்தால் டோ ஹூக் வளையும். கம்பிக்கு நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

தட்டில் ஏறியபின் கட்டுவது நான்கு டயர்களிலும், மேலே சுற்றிப் போகும் பட்டையால். சங்கிலியை லோயர் ஆர்மிலோ ஸ்டெபிலைசர் தண்டிலோ மாட்டி இறுக்கினால், மேடு பள்ளத்தில் தட்டு குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பு புஷ்களுக்குப் போகும். தாழ்த்திய காரில் சஸ்பென்ஷனுக்கு அசைய இடம் ஏற்கெனவே குறைவு. டயரைக் கட்டினால் மேலே பாடி தன்போக்கில் ஆடிக்கொள்ளும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெல்லந்தூர், ஏமலூர், சர்ஜாபூர் ரோடு, வெளிவட்டச் சாலைப் பக்கம் வெள்ளம் புகுந்தபோது குடியிருப்போரை டிராக்டரில் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். பேஸ்மென்ட்களில் கார்கள் கூரை வரை மூழ்கின. அப்படிப்பட்ட நாளில் தாழ்த்திய காரில் காற்று இழுக்கும் குழாயும் அதே அளவு கீழே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் கார் கடந்த தண்ணீரில் உங்களுடையது நின்றுபோகலாம். நின்றால் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். பேட்டரியைக் கழற்றுங்கள், டோ ஹூக்கைத் தண்ணீர் ஏறும் முன்பே திருகி வையுங்கள். முங்கிய பம்பருக்குள் துளையைத் தடவித் தேடுவது பெரும்பாடு. இழுக்கும்போது மெதுவாக. தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போகும் லிப், தரையில் தட்டாமலே நீரின் அழுத்தத்தில் பிடுங்கிக்கொள்ளும். மின்சாரக் கார் மூழ்கியிருந்தால் நீங்களே தொட வேண்டாம், நிறுவனத்தின் ஆட்கள் வரட்டும்.

காற்று சஸ்பென்ஷன் போட்ட வண்டி பேட்டரி போனதும் வயிற்றோடு தரையில் படுத்துவிடும். டாங்க்குக்கு வெளியிலிருந்து காற்று ஏற்றும் வால்வு ஒன்றை முன்கூட்டியே பொருத்தி வைத்திருந்தால் பஞ்சர் கடைக் கம்ப்ரசரிலேயே எழுப்பிவிடலாம். வால்வு இல்லையென்றால் ஒவ்வொரு மூலையாகத் தாழ்வான ஜாக் போட்டுப் பலகையில் ஏற்ற வேண்டும்.

பட்டறையில் இறக்கும்போதும் ஏற்றியபோது வைத்த பலகைகள் அதே இடத்தில் வேண்டும், அதைச் சொல்லி வைக்காவிட்டால் வின்ச் கம்பியைத் தளர்த்திவிட்டு வண்டியை உருள விட்டுவிடுவார்கள். இரண்டு தூண் லிஃப்ட்டில் ஏற்றும் முன் நான்கு சக்கரமும் பலகைமேல் ஏறியிருந்தால்தான் அதன் கைகள் ஸ்கர்ட்டில் படாமல் உள்ளே போகும். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் நட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லி, 50 கி.மீ. ஓடியதும் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அலாய் ரிம் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.